பேலீவ் இல்லம்: ஆங்கில உழவர் மனையொன்றின் அமைப்பும் வரலாறும்

ஆங்கில நாட்டுக் கட்டடக்கலையின் வரலாறு நெடுங்காலமாகப் பேராலயங்களின் வரலாறாகவும், கோட்டைகளின் வரலாறாகவும், பிரபுக்களது மாளிகைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்தது. அந்நாட்டின் வயல்களை உழுதவன் எத்தகைய வீட்டில் உண்டு உறங்கினான் என்னும் வினாவை அறிஞர்கள் முறையாக எழுப்பத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டிலேயே எனலாம். அவ்வினாவுக்கு விடை தரவல்ல கட்டடங்களுள் ஒன்று பேலீவ் என்னும் பண்ணைவீடு. கென்ற் மாவட்டத்துச் சிடிங்ஸ்ரன் என்னும் ஊரின் எல்லைக்குள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இவ்வீடு, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கு நின்றபின், 1968ஆம் ஆண்டளவிற் கழற்றப்பட்டுச் சசெக்ஸ் மாவட்டத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. அதன் அமைப்பை உற்றுநோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அந்த வீட்டில் யார் எங்கே இருப்பது, எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்பவற்றையெல்லாம் தீர்மானித்தது அடுப்பிலிருந்து எழுந்த புகை செல்லும் வழியே ஆகும். புகையின் வழி மாறியபோது வீடும் மாறியது. வீட்டோடு குடும்பமும் மாறியது.

இங்கிலாந்தின் தென்கிழக்கிலே வடக்கு, தெற்கு என இரு சுண்ணக் குன்றுத் தொடர்கள் உள்ளன. அவற்றுக்கு இடைப்பட்ட நிலமே வீல்ட் எனப்படுவது. காடு என்னும் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்த பெயர் அது. களிமண் செறிந்த அந்நிலத்தில் ஓக்கு மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. பெருங்காட்டைச் சிறிது சிறிதாக வெட்டித் திருத்தியே மக்கள் அங்கு வயல் கண்டனர். ஆகவே, ஊர் முழுவதும் ஓரிடத்திற் கூடி வாழும் வழக்கம் அப்பகுதியில் வலுப்பெறவில்லை. வேலியிட்ட வயல்களின் நடுவே ஒவ்வொரு பண்ணைவீடும் தனித்து நின்றது. கென்ற் மாவட்டத்தில் நிலத்தைப் புதல்வர் அனைவரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் தனி வழக்கமும் இருந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நீக்கப்படும்வரை அவ்வழக்கம் அங்கு நிலவியது. பிரபுவுக்கு அடிமைப்பட்டு நிலத்தோடு கட்டுண்டு கிடந்த குடியானவர் நிலை ஏனைய மாவட்டங்களிற்போல் இங்கு வேரூன்றவில்லை. குத்தகை செலுத்தியேனும், சொந்த உரிமையோடேனும், தம் நிலத்தைத் தாமே நடத்திய உழவர் வகுப்பொன்று இங்கு உருவாயிற்று. யோமன் என ஆங்கிலேயர் பெருமையுடன் கூறும் வகுப்பினர் இவரே. பண்ணை என்பதற்கு இன்று வழங்கும் 'பாம்' என்னும் ஆங்கிலச் சொல்லும் முதலிற் குறித்தது வயலையன்று. ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய நிலையான குத்தகைத் தொகையையே குறித்தது.

இத்தகைய உழவர், தேர்ந்த தச்சரை அமர்த்திப் பெரிய வீடு கட்டும் அளவுக்குச் செல்வம் பெற்றது எவ்வாறு? விடையின் ஒரு பகுதி துயரமானது. 1348ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கரையை அடைந்த கொள்ளைநோய் அடுத்த ஆண்டிற்குள் அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கினருக்குக் குறையாதோரைக் கொண்டுசென்றது. நிலம் மிஞ்சியது, உழுவார் அருகினர். கூலியை உயரவிடாது தடுக்க 1351ஆம் ஆண்டில் அரசு சட்டம் இயற்றியும் பயன் நிலைக்கவில்லை. 1381ஆம் ஆண்டின் உழவர் கிளர்ச்சிக்குக் கென்ற் மாவட்டமே தலைமைக் களங்களுள் ஒன்றாக விளங்கியது. உயிர் தப்பியோரின் பேரர் காலத்தில், கையில் நிலமும் பணமும் சேர்ந்த குடும்பங்கள் தலைமுறைகள் பல நிற்கத்தக்க வீடுகளை எழுப்பின. பேலீவ் அவ்வீடுகளுள் ஒன்று.

வீட்டின் முன்புறத்தை நோக்குவார்க்கு முதலில் தோன்றுவது அதன் விநோதமான முகப்பாகும். வீடு நீளவாக்கில் அமைந்துள்ளது. நடுவில் உள்ளது கூடம். அதற்கு மேல்தளம் இல்லை. நிலத்திலிருந்து கூரைமுகடுவரை ஒரே வெளி. கூடத்தின் இரு முனைகளிலும் கீழும் மேலுமாக அறைகள் உள்ளன. அம்மேலறைகள் தமக்குக் கீழுள்ள சுவரைக் கடந்து முன்னோக்கி நீண்டு நிற்கின்றன. நடுக்கூடத்தின் சுவரோ நேராக எழுகிறது. ஆதலால் நடுப்பகுதி உள்ளொடுங்கியும், முனைகள் இரண்டும் முன்தள்ளியும் தோன்றும். இவை மூன்றையும் ஒரே கூரை மூடுகிறது. எனவே நடுப்பகுதியில் கூரையின் விளிம்பு சுவரைத் தொடாமல் எட்டி நிற்கவேண்டியதாகிறது. அவ்விளிம்பைத் தாங்கும் நீள்விட்டத்தை இரு பக்கத்திலுமிருந்து வளைந்த மரங்கள் இரண்டு ஏந்திப் பிடிக்கின்றன. இவ்வமைப்புடைய வீடுகளை ஆய்வாளர் 'வீல்டன்' வீடுகள் என்பர். பெயர் அதுவாயினும், வீல்டுக்கு வெளியேயும், கொவென்றி போன்ற தொலைநகர்களிலுங்கூட இவ்வகை காணப்படுகிறது. கென்ற் மாவட்டத்தில் மட்டும் இவை நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. உழவர் வீடுகள் இத்துணைத் தொகையில் மத்திய காலத்திலிருந்து பிழைத்து நிற்பது ஐரோப்பாவில் அரிதான செய்தியாகும்.

வீட்டின் உயிர் அதன் மரச்சட்டகத்தில் உள்ளது. சுவர் கூரையைத் தாங்குவதில்லை; சட்டகமே சுவரையும் கூரையையும் தாங்குகிறது. ஓக்கு மரத்தை வெட்டிய ஈரம் காயுமுன்னரே தச்சர் அதை வேலைக்கு எடுத்தனர். காய்ந்த ஓக்கு கைக்கருவிக்கு எளிதில் இணங்காது. பச்சை மரத்திற் செதுக்கிய பொருத்துகள் ஆண்டுகள் செல்லச் செல்ல உலர்ந்து முறுகி, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். பழைய ஆங்கில வீடுகளின் தூண்கள் சற்றே சாய்ந்தும் விட்டங்கள் வளைந்தும் காணப்படுவது இதனால் நிகழ்ந்ததே. தச்சரின் கவனக்குறைவு அன்று. இரும்பாணி சட்டகத்தில் இடம்பெறுவதில்லை. ஒரு மரத்தின் நுனியை நாக்குப்போற் செதுக்கி, மற்றொன்றில் அகழ்ந்த துளையிற் செருகி, இரண்டையும் ஊடறுத்து ஓக்கு மரத்தாலான முளையை அடித்து இறுக்கினர். இவ்வேலையெல்லாம் முதலிற் பட்டறையில், தரையிற் கிடத்தியே செய்யப்பட்டது. ஒவ்வொரு பொருத்தின் இரு பக்கத்திலும் உரோம இலக்கங்களை ஒத்த கீறல்களைத் தச்சர் இட்டனர். பின்னர் அனைத்தையும் கழற்றி வண்டியிலேற்றிக் கட்டுமிடத்திற்குக் கொண்டுசென்று, கீறலோடு கீறல் சேரும்படி நிறுத்தினர். அஃதாவது, இவ்வீடு நிலத்தில் நிற்குமுன்னரே ஒருமுறை பூட்டிக் கழற்றப்பட்ட வீடு. பிற்காலத்தில் அதற்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள இச்செய்தி துணைபுரியும்.

கூரையின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. கூடத்தின் நடுவே சுவருக்குச் சுவர் குறுக்காக ஒரு பெருவிட்டம் ஓடுகிறது. அவ்விட்டத்தின் நடுவில் ஒரு குறுந்தூண் எழுந்து, நாற்புறமும் கிளைபோல் வளைந்த தாங்குமரங்களை விரித்து, கைமரங்களை இணைக்கும் நடுவளையைத் தாங்குகிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் தச்சர் தம் கைத்திறனைக் காட்டிய இடம் இதுவே. நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் எவருக்கும் அத்தூண் தெரியும். மேல்தளமுள்ள வீட்டில் எவரும் காணாத பரணில் மறைந்திருக்கவேண்டியது, இங்கே வீட்டின் அணியாக நின்றது.

இம்மரங்களைப் பற்றிப் பரவியுள்ள கட்டுக்கதைகள் இரண்டு. உடைந்த கப்பல்களின் மரத்தாலேயே இத்தகைய வீடுகள் கட்டப்பட்டன என்பது ஒன்று. கடலுக்கு வெகுதொலைவில், ஓக்குக் காட்டின் நடுவிலிருந்தோர் கப்பல் மரத்தைத் தேடியிருக்கவேண்டியதில்லை. பயனற்ற துளைகள் சில விட்டங்களிற் காணப்படுவதற்குக் காரணம், அவை முன்னைய வீடொன்றிலிருந்து எடுத்துப் பயன்படுத்தப்பட்டமையே ஆகும். மற்றொன்று, கரிய மரமும் வெள்ளைச் சுவருமாகத் தோன்றுவதே பழைய ஆங்கில வீட்டின் இயல்பு என்பது. மரத்துக்குக் கருமை பூசும் பழக்கம் பெரிதும் 19ஆம் நூற்றாண்டின் நாகரிகம். அதற்கு முற்பட்ட தென்கிழக்கு வீடுகளில் ஓக்கு தானாக வெளுத்துச் சாம்பல் நிறமடையும்படி விடப்பட்டது. அன்றேல் சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்பு பூசப்பட்டது.

சட்டகத்தின் இடைவெளிகளை நிரப்பியது எளிய பொருளே. பிளந்த ஓக்குக் கழிகளை நிறுத்தி, அவற்றிடையே மெல்லிய கோல்களைப் பாய்போற் பின்னி, இரு புறமும் களிமண், வைக்கோல், சாணம் என்பன குழைத்த சாந்தை அப்பிச் சுண்ணாம்பு தீற்றினர். சாளரங்களுக்குக் கண்ணாடி இல்லை. சாய்சதுர வடிவான மரக்கம்பிகள் நிறுத்தப்பட்டு, உட்புறத்தில் மரப்பலகைகளால் அடைக்கப்பட்டன. காற்று வீசும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைப்பதே வழக்கம். சாளரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'காற்றின் கண்' என்னும் பொருளுடைய பழைய வடபுலச் சொல்லிலிருந்து பிறந்தது. பழந்தமிழிற் சாளரத்துக்கு வழங்கிய 'காலதர்' என்னும் சொல்லும் காற்றின் வழி என்றே பொருள்படும். ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மொழிகள், கண்ணாடி அறியாத காலத்தில், சாளரத்தின் தொழிலை ஒரே வகையாகக் கண்டது சுவையான ஒற்றுமையே. கண்ணாடி வந்த பின்னரும் அது நெடுங்காலம் வீட்டின் பகுதியாகக் கருதப்படவில்லை. தட்டுமுட்டுப் பொருள்போல வீடு மாறுவோர் அதைக் கழற்றி எடுத்துச் செல்வதும், மரணசாசனத்திற் பிறருக்கு எழுதிவைப்பதும் உண்டு.

இனி வீட்டினுள்ளே செல்லலாம். வாயில் கூடத்தின் ஒரு முனையில் உள்ளது. அதற்கு நேரெதிரே பின்வாயில் உண்டு. இரண்டுக்கும் இடைப்பட்ட குறுக்கு நடைவழியின் ஒரு பக்கம் கூடம், மறுபக்கம் பணிப்பகுதி. பணிப்பகுதியிற் கீழ்த்தளத்தில் அடுத்தடுத்து இரண்டு சிற்றறைகள் இருந்தன. ஒன்று பானங்களுக்கு உரியது. அதன் ஆங்கிலப் பெயர் வெண்ணெயை நினைவூட்டினும் வெண்ணெய்க்கும் அதற்கும் உறவில்லை. மதுப்பீப்பாயைக் குறிக்கும் சொல்லே அதன் வேர். மற்றொன்று உணவுப் பண்டங்களுக்கு உரியது. அதன் பெயர் ரொட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. உழவரின் வீட்டுப் பகுதிகளுக்குப் பிரபுக்களின் மாளிகையில் வழங்கிய பிரெஞ்சுப் பெயர்கள் வந்து அமைந்தது தற்செயலன்று. பெருமாளிகையின் அமைப்பையே சிறு அளவில் உழவன் தன் மனையிற் பின்பற்றினான்.

அவ்வாறு பின்பற்றியதிற் சமூக ஒழுங்கும் அடங்கும். கூடம் ஒன்றே ஆயினும் அதற்கு மேல்முனை, கீழ்முனை என இரண்டு முனைகள் உண்டு. நடைவழியை அடுத்தது கீழ்முனை; ஊழியரும் வந்துபோவோரும் கூடுமிடம் அது. மறுகோடி மேல்முனை, அங்கே சுவரை முதுகாகக் கொண்டு இடப்பட்ட நீள்மேசையிற் குடும்பத் தலைவனும் மனைவியும் அமர்ந்தனர். கதிரை ஒன்றே இருந்திருக்கும், அது தலைவனுக்குரியது. ஏனையோருக்கு விசுப்பலகையே இருக்கை. சபைக்குத் தலைமை வகிப்பவனைக் கதிரைக்குரியவன் என ஆங்கிலம் கூறுவதிலும், கணவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் முதலில் 'வீட்டுக்குடையவன்' என்னும் பொருள் தந்ததிலும், இக்கூடத்தின் சாயல் படிந்துள்ளது. ஆயினும் தலைவனும் கூலியாளும் ஒரே கூரையின்கீழ், ஒரே தீயின் வெளிச்சத்தில் உணவு கொண்டனர் என்பதே ஈண்டு நினைவிற் கொள்ளவேண்டியது. வேற்றுமை இடத்தால் உணர்த்தப்பட்டது. இடையிற் சுவர் இல்லை.

அத்தீ கூடத்தின் தரையில், நடுவே, கல்லோ ஓடோ பதித்த களத்தில் எரிந்தது. புகைபோக்கி கிடையாது. புகை மேலெழுந்து, உயர்ந்த கூரையின்கீழ் மேகம்போல் தங்கி, ஓட்டு இடுக்குகளின் வழியாகவும், கூரை முனைகளில் விடப்பட்ட சிறு திறப்புகளின் வழியாகவும் மெல்லக் கசிந்து வெளியேறியது. கூடத்துக்கு மேல்தளம் இல்லாமைக்குக் காரணம் இதுவே. புகைக்கு அவ்வெளி வேண்டும். மனிதருக்கு அதன் கீழேயுள்ள தெளிந்த காற்று வேண்டும். இருக்கைகள் தாழ்வாக இருந்தமையும் இதனோடு பொருந்துவதே. புகையினாற் கண் எரிந்தது உண்மை. ஆனால் கூரைமரத்திற் பூச்சி அரிப்பது குறைந்தது. மேலே தொங்கவிட்ட இறைச்சி கெடாது பதமாயிற்று. இரவில் மரவீட்டின் நடுவே தணல் கிடப்பது ஆபத்து. ஆகவே உறங்கச் செல்லுமுன் அதை மூடிவைக்கும்படி மணியடித்து அறிவிக்கும் வழக்கம் இருந்தது. 'தீயை மூடு' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரே அந்த மணியின் பெயராகி, பின்னர் 'கேர்பியூ' எனத் திரிந்து, இன்று ஊரடங்குச் சட்டத்தைக் குறிக்கிறது. அச்சொல்லைக் கேட்கும் எவருக்கும் உழவனின் அடுப்பு நினைவுக்கு வருவதில்லை.

பேலீவின் மேல்முனையில் உள்ள பகுதி ஏனையவற்றோடு ஒரே காலத்தில் எழுந்ததன்று. இதனை அறியத் துணைசெய்தது மரவளையங்களைக் கொண்டு காலங் கணிக்கும் முறையாகும். மரம் ஆண்டுதோறும் ஒரு வளையம் வளர்கிறது. மழையும் வெயிலும் மாறுவதற்கேற்ப அவ்வளையம் அகன்றும் குறுகியும் அமைகிறது. விட்டத்தில் உள்ள வளைய வரிசையைக் காலமறிந்த வரிசையோடு ஒப்பிட்டால், அம்மரம் வெட்டப்பட்ட காலம் தெரியவரும். பச்சை மரத்தையே தச்சர் பயன்படுத்தினர் ஆதலால், மரம் வெட்டிய காலமே ஏறத்தாழ வீடு கட்டிய காலமுமாகும். கூடமும் பணிப்பகுதியும் 1405க்கும் 1430க்கும் இடையிலும், மேல்முனைப் பகுதி 1505க்கும் 1510க்கும் இடையிலும் எழுந்தன என்பது இவ்வகையாற் பெற்ற முடிபு. ஏறக்குறைய நூறாண்டு இடைவெளி! மேல்முனையின் கீழறை இருப்பறையாகவும், மேலறை தலைவனும் மனைவியும் உறங்கும் தனியறையாகவும் அமைந்தன. அம்மேலறையை ஒட்டி வெளிப்புறமாகத் துருத்தி நிற்கும் சிறு மலகூடமும் உண்டு. உழவர் இல்லமொன்றில் இஃது ஓர் ஆடம்பரமே. தலைவன் கூடத்தின் கூட்டத்தை விட்டு விலகித் தனித்திருக்க விரும்பத் தொடங்கியதன் அடையாளம் இது. விலகுவதற்கு இடம் கிடைத்தது. ஆனால் தீ இன்னும் கூடத்திலேயே எரிந்தது. ஆதலால் குளிர்காலத்தில் அவனும் அங்கு திரும்பி வந்தேயாகவேண்டும்.

இந்நிலையை மாற்றியது செங்கல்லாலான புகைபோக்கி. கோட்டைகளிலும் மாளிகைகளிலும் முன்னரே இருந்த புகைபோக்கி, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உழவர் வீடுகளுக்குப் பரவியது. எசெக்ஸ் மாவட்டத்து ராட்வின்ரர் என்னும் ஊரிற் குருவாக இருந்த வில்லியம் ஹரிசன் 1577ஆம் ஆண்டில் வெளியான தமது இங்கிலாந்து வருணனை நூலில், ஊர் முதியோர் தம் வாழ்நாளிற் கண்ட மூன்று பெருமாற்றங்களைக் குறித்துள்ளார். புகைபோக்கிகள் பெருகியமை ஒன்று. வைக்கோற் பாயும் தலைக்கு மரக்கட்டையும் போய் மெத்தையும் தலையணையும் வந்தமை மற்றொன்று. மரத்தட்டு நீங்கி உலோகத்தட்டு வந்தமை மூன்றாவது. அவரே வேறோரிடத்தில், புகைபோக்கி வந்தபின் மக்கள் சளியாலும் தடிமனாலும் முன்னைவிட அதிகம் வருந்துவதாகவும், பழைய புகை வீட்டு மரத்தையும் மனித உடலையும் ஒருங்கே உரமாக்கியதாக மூத்தோர் நம்பியதாகவும் எழுதுகிறார். புதுமையைக் குறைகூறுவது முதுமையின் இயல்பு என இதனைத் தள்ளிவிடலாம். ஆயினும் மாற்றம் எத்துணை விரைந்து வந்தது என்பதற்கு இது நற்சான்று.

புகைக்குத் தனிவழி கிடைத்ததும் கூடத்தின் உயரம் தேவையற்றதாயிற்று. உடனே அதன் குறுக்கே விட்டங்கள் இடப்பட்டு மேல்தளம் அமைந்தது. ஒரு புகைபோக்கியின் இரு பக்கமும் அடுப்பு அமைக்கலாம், மேலறையிலும் அமைக்கலாம். எனவே வீட்டிலே தீ ஒன்று என்பது போய், அறைக்கு ஒரு தீ என்றாயிற்று. குடும்பத் தலைவன் தன் அறையில் தன் தீயருகே உண்டான். ஊழியர் சமையலறையில் உண்டனர். பேலீவ் இல்லத்திலும் இம்மாற்றங்கள் நிகழ்ந்தன. கூடம் இரண்டு தளங்களாயிற்று. பழைய குறுந்தூண் எவரும் காணாத பரணிற் புதைந்தது. அதன்மேற் படிந்திருந்த கரி மட்டும் அழியவில்லை. இன்று தென்கிழக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய வீட்டுக்குள் நுழையும் ஆய்வாளர் முதலில் தேடுவது பரணுக்கு ஏறும் வழியைத்தான். கைமரங்களிற் புகைக்கரி படிந்திருப்பின், அவ்வீடு ஒருகாலத்தில் திறந்த கூடமுடையதாயிருந்தது என்பது உறுதி. கீழே எத்தனை முறை சுவரும் தளமும் மாறியிருப்பினும் அச்சான்று பொய்ப்பதில்லை.

வரலாற்றாசிரியர் ஹொஸ்கின்ஸ் 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், 1570க்கும் 1640க்கும் இடையே நாட்டுப்புற இங்கிலாந்து முழுவதும் ஒரு பெரும் மறுகட்டுமானம் நிகழ்ந்தது என்னும் கொள்கையை முன்வைத்தார். விளைபொருளின் விலை ஏறியது. நிலையான குத்தகை செலுத்தியோர் இலாபம் கண்டனர். அவ்விலாபம் வீடாயிற்று என்பது அவர் கருத்தின் சாரம். 1977ஆம் ஆண்டில் மச்சின் என்னும் ஆய்வாளர் இதனை மறுத்தார். கட்டடங்களிற் பொறித்த ஆண்டுகளைத் தொகுத்து நோக்குமிடத்து, மறுகட்டுமானம் ஒரே அலையாக எழவில்லை. இடத்துக்கிடம் வெவ்வேறு காலத்தில், பல பகுதிகளில் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே உச்சமடைந்தது என அவர் காட்டினார். மச்சினின் திருத்தமே வலுவானது. ஆனால் தென்கிழக்கைப் பொறுத்தவரை ஹொஸ்கின்ஸ் வகுத்த காலம் பெரிதும் பிழைபடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. புகைபோக்கி எத்துணை பெருகியதெனின், 1662ஆம் ஆண்டில் அரசு அடுப்பின்மேல் வரி விதித்தது. ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு சிலிங்கு. அடுப்பை எண்ண வீட்டினுள்ளே புகுந்த வரி அலுவலரை மக்கள் வெறுத்தனர். 1689ஆம் ஆண்டில் அவ்வரி நீக்கப்பட்டது. அவ்வரி ஏடுகள் இன்று வீட்டு வரலாறு எழுதுவோர்க்குப் பெரும் புதையலாக உதவுகின்றன.

பிற்கால வரலாறு மங்கியது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் பண்ணைகள் ஒன்றோடொன்று இணைந்து பெருகியபோது பழைய மனைகள் பல பயனற்றுப் போயின. ஒரு வீட்டை இரண்டாக, மூன்றாகத் தடுத்துக் கூலியாட்களை அங்கு குடியிருத்தினர். வறுமை அவ்வீடுகளைக் காத்தது எனவும் கூறலாம். இடித்துக்கட்டப் பணமில்லாதவிடத்துப் பழையது நிற்கும். அவற்றின் மதிப்பு பொதுவாக உணரப்பட்டது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் பெயரால் அழிப்பதை எதிர்த்து 1877ஆம் ஆண்டில் வில்லியம் மொறிஸ் ஒரு சங்கம் நிறுவினார். பிற்காலத்தார் சேர்த்தவற்றை நீக்கி ஆதி வடிவுக்குத் திருப்புவது வரலாற்றைப் பொய்யாக்குவது என்பது அச்சங்கத்தின் அடிப்படைக் கொள்கை. தேசிய அறநிதியம் எனப்படும் நிறுவனம் முதன்முதலில் வாங்கிய கட்டடமும் சசெக்ஸ் மாவட்டத்து அல்பிறிஸ்ரன் ஊரிலுள்ள, குருமனையாகப் பயன்பட்ட, பேலீவை ஒத்த ஒரு வீல்டன் வீடே ஆகும். 1896ஆம் ஆண்டில் அதற்குக் கொடுத்த விலை பத்துப் பவுண்.

பேலீவுக்கு நேர்ந்த ஆபத்து வறுமையால் வந்ததன்று, நீரால் வந்தது. 1960களில் அது நின்ற பள்ளத்தாக்கைப் பௌ பீச் என்னும் நீர்த்தேக்கமாக மாற்றத் திட்டமிட்டனர். அதே காலத்தில், றோய் ஆம்ஸ்ரோங் என்னும் வரலாற்றறிஞர், அழிவை எதிர்நோக்கிய நாட்டுப்புறக் கட்டடங்களைப் பெயர்த்து ஒருங்கே நிறுவும் நூதனசாலையொன்றை அமைக்க முயன்றுகொண்டிருந்தார். 1891ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டு ஸ்ரொக்ஹோம் நகரிலே திறக்கப்பட்ட ஸ்கான்சென் என்னும் திறந்தவெளி நூதனசாலை இத்தகைய முயற்சிகளுக்கெல்லாம் முன்மாதிரியாகும். நீர் வழங்கும் கம்பனியார் பேலீவைக் கையளிக்க இசைந்தனர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அடிக்கப்பட்ட முளைகள் பிடுங்கப்பட்டன. சட்டகம் துண்டு துண்டாகப் பிரிந்து, சிசெஸ்ரர் நகருக்கு வடக்கே சிங்கிள்ரன் ஊரில் அமைந்த நூதனசாலைக்குச் சென்றது. 1970ஆம் ஆண்டில் அந்நூதனசாலை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பேலீவின் மறுநிறுவல் வேலை 1970களின் தொடக்கத்தில் நிறைவெய்தியது.

மறுநிறுவியோர் முன் கடினமான தேர்வு ஒன்று இருந்தது. புகைபோக்கியும் இடைத்தளமும் உள்ள வீட்டை அவ்வாறே நிறுத்துவதா, அல்லது அவற்றை விலக்கித் திறந்த கூடத்தை மீட்பதா? அவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தனர். இன்று அவ்வீடு ஏறத்தாழ 1540ஆம் ஆண்டில் இருந்திருக்கக்கூடிய நிலையிற் காணப்படுகிறது. மேசை, கட்டில், பெட்டி, பாத்திரம் யாவும் அக்காலப் பொருள்களின் மாதிரியாகச் செய்யப்பட்டவை. மொறிஸ் உயிரோடிருந்திருப்பின் இதனை ஏற்றிருக்கமாட்டார். புகைபோக்கியைச் சூழ்ந்து அவ்வீட்டில் வாழ்ந்து மறைந்த தலைமுறைகள், திறந்த கூடத்தில் வாழ்ந்தோருக்கு எவ்வகையிலும் குறைந்தவரல்லர். அவர்தம் அடையாளம் அங்கிருந்து நீங்கிவிட்டது. மறுபக்கத்து நியாயமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இடைத்தளமும் புகைபோக்கியும் பெற்ற பண்ணைவீடுகள் நாடெங்கும் மலிந்து கிடக்கின்றன. திறந்த கூடத்தில் தீயெரியக் காணும் வாய்ப்போ மிக அரிது. நூதனசாலையார் கூடத்தின் நடுவே தீ மூட்டியதன் பின்னரே, புகை தலைக்குமேல் தங்கும், கீழே தங்காது என்பதும், இரு பக்கத்துச் சாளரங்களையும் காற்றுக்கேற்ப அடைத்துத் திறப்பது எத்துணை இன்றியமையாதது என்பதும் வருவோர் பலருக்குக் கண்கூடாயின. இவ்விரு நியாயங்களுள் பிந்தியது சற்றே மேலோங்குகிறது. ஆனால் அதற்குச் செலுத்திய விலையை மறைப்பது முறையாகாது. காட்சிக்குரிய அவ்வீடு 1540ஆம் ஆண்டைப் பற்றிய கருத்தே அன்றி, 1540ஆம் ஆண்டு ஆகாது.

அத்தகைய கருத்து மாறக்கூடும் என்பதற்கு அந்நூதனசாலையிலேயே சான்றுண்டு. பேலீவ் நின்ற அதே பள்ளத்தாக்கிலிருந்து மீட்கப்பட்டு, அங்கு முதன்முதலில் நிறுவப்பட்ட கட்டடம் விங்கேர்ஸ்ற் என்பது. சிறிய உழவர் வீடு என்றே அதனை முதலிற் கருதி, அவ்வாறே நிறுவினர். பின்னர் ஆய்வாளர் அதன் அமைப்பை மீண்டும் ஆராய்ந்து, அது தனித்த வீடன்று, தீப்பற்றும் அச்சத்தால் பெருவீட்டிலிருந்து விலக்கிக் கட்டிய சமையற்கூடமாகவே இருந்திருக்கவேண்டும் என்னும் முடிபுக்கு வந்தனர். 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கட்டடம் மறுபடியும் கழற்றப்பட்டு, நூதனசாலையின் வேறொரு பகுதியில் நிறுவப்பட்டது. இன்று அங்கே 16ஆம் நூற்றாண்டு முறைப்படி அடுப்பு மூட்டி, ரொட்டியும் கஞ்சியும் சமைத்துக் காட்டுகிறார்கள்.